கொழும்பில் இரண்டு இரவுகள்

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதிவழியே மேற்கு நோக்கிச் செல்வோர் நெளுக்குளத்தைக் கடந்தே செல்கின்றனர். ஆயினும் அங்கே இறங்கி நின்று பார்ப்போர் சிலரே. யாத்திரிகரை நிறுத்தத்தக்க கோட்டை கொத்தளங்கள் அங்கில்லை. குளமும் வயலும், வீதியோரக் கடைகளும், மாலையில் துவிச்சக்கர வண்டிகளில் வீடு திரும்பும் மாணவர் கூட்டமுமே அவ்வூரின் காட்சிகள். குருமன்காடு, வேப்பங்குளம், பண்டாரிக்குளம், கூமாங்குளம் என்று காட்டின் பெயராலும் குளத்தின் பெயராலும் வழங்கும் ஊர்களுக்கிடையே இதுவும் ஒன்று. பல திசைகளிலிருந்து, பல காலங்களில், தம் விருப்பத்தால் அன்றி வந்து சேர்ந்தவர் பலர் இப்பகுதியில் வாழ்கின்றனர். ஆகவே, பிரயாணம் என்னும் சொல் இங்கே எல்லாருக்கும் இனிக்கும் சொல் அன்று. மூட்டை கட்டுதல் என்றால் ஓடுதல் என்றே பொருள்கொண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

அவ்வூரிலிருந்து ஒரு சிறு கூட்டம், எவரும் துரத்தாமல், வழக்கோ வைத்தியமோ சடங்கோ இன்றி, வெறும் மகிழ்ச்சியை நாடிக் கொழும்புக்குச் சென்று இரண்டு இரவுகள் தங்கித் திரும்பிய வரலாற்றையே இங்கு சொல்லப் புகுகின்றோம். இத்தகைய பிரயாணத்தை முதன்முறையாக மேற்கொள்ள நினைக்கும் மாணவருக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் இது பயன்படுமாயின் மகிழ்வோம்.

புதியதொரு திருவிழா

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பொங்கல் கழிந்த ஒரு மாலையில், எம்மிடம் பயிலும் மாணவர் நால்வர் எம் வீட்டுக்கு வந்தனர். இருவர் பெண்கள், இருவர் ஆண்கள். “சேர், ஆகஸ்ட் மாதம் கொழும்பில் ஒரு விழா நடக்கிறது. நீங்கள் வந்தால்தான் வீட்டில் விடுவார்கள்” என்று தொடங்கினர். ‘லங்கா கொமிக் கொன்’ என்பது அவ்விழாவின் பெயர். 2015 ஆம் ஆண்டில் தொடங்கியது. சித்திரக்கதை, அசையும் சித்திரப்படம், விஞ்ஞானப் புனைகதை, கணினி விளையாட்டு ஆகியவற்றின் ரசிகர்கள் சனி, ஞாயிறு இரு தினங்கள் ஒரு மண்டபத்திற் கூடுவர். தாம் விரும்பும் கதாபாத்திரத்தின் உடையைத் தாமே தைத்து அணிந்து வருவோரும் உளர்.

இது என்ன வேடிக்கை என்றே முதலில் எண்ணினோம். பின்னர் தேடிப் படித்தபோதுதான், இவ்வழக்கத்தின் வயது எமது வயதிலும் பெரிது என்பது தெரியவந்தது. 1937 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆம் திகதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் விஞ்ஞானப் புனைகதை ரசிகர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் கூடினர். இத்தகைய மாநாடுகளுள் முதலாவது அதுவே என்பர். அங்கே வந்திருந்தவர்களுள் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அவரே ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில், 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இல் மறையும்வரை கொழும்பையே தம் ஊராகக் கொண்ட அதே எழுத்தாளர்தாம்!

1939 ஜூலையில் நியூயோர்க்கில் முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு கூடிற்று. அதற்குச் செல்லப் பணமின்றித் தவித்த பதினெட்டு வயது ரே பிராட்பரிக்கு, அவருடைய நண்பர் ஃபொரெஸ்ட் அக்கர்மன் ஐம்பது டொலர் கடன் கொடுத்தார். லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து ஒரு கண்டத்தையே பஸ்ஸிற் கடந்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தங்கி, பிராட்பரி அம்மாநாட்டைக் கண்டார். அதே மாநாட்டுக்கு அக்கர்மன் எதிர்கால மனிதனைப் போன்ற உடையணிந்து சென்றார். அதனைத் தைத்துக் கொடுத்தவர் மேர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணி. இன்று உலகெங்கும் ரசிகர்கள் வேடம் புனைந்து விழாக்களுக்குச் செல்கின்றனரே, அவர்களுக்கெல்லாம் முன்னோடிகள் இவ்விருவருமே. தோக்கியோவில் 1975 டிசம்பரில் முப்பத்திரண்டு குழுக்களுடன் தொடங்கிய ‘கொமிக்கெற்’ சந்தை பிற்காலத்தில் இலட்சக்கணக்கானோர் கூடும் பெருவிழாவாயிற்று. சென்னை நந்தம்பாக்கத்திலும் 2024 பெப்ரவரியில் முதலாவது ‘கொமிக் கொன்’ நடந்தேறியது.

எமக்கு இதிற் புதுமை ஒன்றுமில்லை என்றும் தோன்றிற்று. வேடம் புனைதல் வன்னி மக்கள் அறியாத கலையா? காத்தவராயன் கூத்துக்கும் கோவலன் கூத்துக்கும் முடியும் உடையும் செய்தவர்கள் நம் ஊர்களில் வாழ்ந்தவர்கள்தாமே! கூட்டமாகப் பயணஞ் சென்று தங்கி வருதலும் நமக்குப் பழகிய செயலே. வற்றாப்பளைப் பொங்கலுக்கும், மடுத் திருவிழாவுக்கும், கதிர்காமத்துக்கும் நம் முன்னோர் அரிசியும் சட்டியும் கட்டிக்கொண்டு சென்றனர். எங்கே நீர் கிடைக்கும், எந்த மரத்தடியில் இரவு தங்கலாம், கூட்டத்தில் எவர் முன்னே, எவர் பின்னே என்பனவற்றை எல்லாம் புறப்படுமுன்பே தீர்மானித்தனர். அந்த விவேகமே இதற்கும் போதும் என்று துணிந்து, “வருகின்றோம்” என்றோம்.

ஒரு தந்தையின் சொல்

நால்வரில் மூவர் வீட்டார் இசைந்தனர். நான்காவது மாணவியின் தந்தையார் இசையவில்லை. அவர் எம் வீட்டுக்கு அண்மையில் உலோக ஒட்டுவேலைக் கடை வைத்திருப்பவர். எம்மினும் சில ஆண்டுகள் மூத்தவர். அதிகம் பேசும் இயல்பினர் அல்லர். நாம் சென்று கேட்டபோது, கதவுச் சட்டம் ஒன்றை நிமிர்த்தி வைத்துவிட்டு, “எங்கே தங்குவீர்கள், சேர்?” என்று மட்டும் கேட்டார்.

“வெள்ளவத்தையில் ஏதாவது ஒரு லொட்ஜ் பார்க்கலாம், அண்ணை” என்றோம்.

அச்சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. சிறிது நேரம் பேசாதிருந்தவர், பின்னர் சொன்னார். 2007 ஆம் ஆண்டில் வெளிநாட்டு வேலைக்கான அலுவலாக அவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். ஜூன் 7 ஆம் திகதி விடியுமுன் கதவு தட்டப்பட்டது. அரைமணி நேரத்துள் பொருள்களை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறவேண்டியதாயிற்று. மறுபடி இறங்கியது வவுனியாவில்.

அந்நாளைய செய்தித்தாள்களைப் படித்தோர் அறிவர். கொழும்பின் விடுதிகளிலிருந்து அன்று வெளியேற்றப்பட்ட தமிழர் 376 பேர் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து மேலும் வெளியேற்றலை நிறுத்தியது. அன்றைய பிரதமரும் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். சட்டத்தின் ஏட்டில் அவ்விவகாரம் முடிந்தது. ஆனால், தட்டப்பட்ட கதவின் ஓசை அம்மனிதர் செவியில் முடியவில்லை. கொழும்புக்குப் பின்னரும் அவர் சென்றதுண்டு. அன்று மாலையே திரும்பிவிடுவார். இரவு தங்கியதில்லை.

பிரயாண ஏற்பாடு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். எங்கே தங்குவது என்ற வினா, ஒருவருக்குக் கட்டணமும் கட்டிலும் பற்றியது. மற்றொருவருக்கோ அது வாழ்வின் புண் ஒன்றைத் தொடுவது. இதனை அன்று அவ்வொட்டுவேலைக் கடையிற் கற்றோம். அவரை வற்புறுத்தவில்லை. “ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீங்களும் எங்களோடு வரலாம்” என்று மட்டும் சொல்லித் திரும்பினோம்.

வாளும் வேட்டியும்

மாணவி மனந்தளரவில்லை. தாயாரோ தையற்காரி. பழைய சிவப்புச் சேலை ஒன்று மேலங்கியாயிற்று. தந்தையாரின் வெள்ளை வேட்டி ஒன்று மடிப்பு மடிப்பாகக் கீழாடையாயிற்று. ‘ரூரௌனி கென்ஷின்’ என்னும் ஜப்பானிய சித்திரக்கதையின் நாயகனாகச் செல்வதே அவளது எண்ணம். அதற்கு ஒரு வாள் வேண்டும். ரெஜிபோம் அட்டையில் வெட்டி, கடதாசி ஒட்டி, வெள்ளி வர்ணம் பூசி அதனையும் செய்துவிட்டாள்.

அதனைக் கண்ட தந்தையார் எம்மிடம் விரைந்து வந்தார். “சேர், பிள்ளை வேண்டுமானால் போகட்டும். வாள் போகக்கூடாது. நீளமான ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு நாங்கள் கொழும்புக்குள் இறங்கலாமா?” என்றார்.

அவர் அஞ்சியதிற் பிழையில்லை. மாணவியை அழைத்தோம். அவள் வாளைத் தந்தையின் கையிற் கொடுத்து, “அப்பா, கூரான பக்கம் எது என்று பாருங்கள்” என்றாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூர் வெளிப்புறம் இல்லை. உட்புறம், பிடித்தவனை நோக்கியே இருந்தது. அக்கதையின் நாயகன் போரிற் பலரைக் கொன்றவன். போர் முடிந்தபின் இனி ஓர் உயிரையும் கொல்வதில்லை என்று சபதஞ்செய்து, கூர் மாறிய வாளுடன் ஊரூராய்த் திரிபவன். இதனை அவள் சொல்ல, அவர் நெடுநேரம் அவ்வாளை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, “பிடி ஆடுகிறது. சரியாக ஒட்டவில்லை” என்று சொல்லிக் கடைக்குள் எடுத்துச் சென்றார்.

மறுநாள் அவ்வாள் மூன்று துண்டாகக் கழற்றிப் பூட்டத்தக்கதாய் வந்தது. துணியிற் சுற்றாமல், உள்ளிருப்பது எவர்க்கும் தெரியும்படி கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் பையில் இடப்பட்டிருந்தது. இதுவே இத்தகைய பிரயாணத்தின் நல்ல விதி என்பது பின்னர் எமக்கு விளங்கிற்று. வேடப் பொருள்களை மறைத்துக் கொண்டுசெல்லலாகாது, உலோகத்தாற் செய்யலாகாது, மண்டப வாயிலிற் கேட்டாற் புன்னகையோடு காட்ட வேண்டும். “நானும் வருகிறேன், சேர்” என்று அவர் சொன்னதும் அன்றைக்கே.

ஏற்பாடுகள்

எம் மனைவியாரும் சேர, எழுவர் புறப்படுவதாயிற்று. நாம் கைக்கொண்ட முறைகளைச் சுருங்கச் சொல்கின்றோம்.

முதலாவது, பணம். பயணம், தங்குமிடம், உணவு, அனுமதிச்சீட்டு, கைச்செலவு என ஐந்து உறைகளில் மாணவர் மாதந்தோறும் சேர்த்தனர். ஆறாவதாக ஓர் உறையும் வைத்தோம். அது நோய்க்கும், தவறிய வண்டிக்கும். அதனை எவரும் தொடலாகாது என்பது ஒப்பந்தம். விழாவில் அழகிய நூல்களையும் படங்களையும் கண்டால், கையிலுள்ள காசு காற்றாய்ப் பறக்கும். ஆகவே, திரும்பும் செலவை முதலிலேயே பிரித்து வைத்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, வண்டி. வவுனியாவிலிருந்து கொழும்புக் கோட்டை ஏறத்தாழ 250 கிலோமீற்றர். பஸ்ஸும் உண்டு, புகையிரதமும் உண்டு. உடை கசங்காமல் வைப்பதற்கும், கால் நீட்டுவதற்கும் புகையிரதமே உகந்தது. ஆசனப் பதிவு பிரயாணத்துக்கு ஒரு மாதம் முன்னே தொடங்குவது வழக்கம். வார இறுதி ஆசனங்கள் விரைவில் முடிந்துவிடும். பாதைத் திருத்த வேலைகளாலும் வெள்ளத்தாலும் வடபாதைச் சேவைகள் இடையிடையே தடைப்பட்டதுண்டு. ஆதலால், புறப்படும் வாரத்திலும் நிலையத்தில் நேரத்தை மறுபடி விசாரித்தல் வேண்டும்.

மூன்றாவது, தங்குமிடம். மண்டபத்துக்கு மிக அருகிலுள்ள விடுதி என்பதிலும், ஒரே பஸ்ஸிற் சென்று வரத்தக்க அமைதியான இடம் என்பதே நன்று. புறக்கோட்டையிலிருந்து காலி வீதிவழியே பாணந்துறைக்குச் செல்லும் 100 ஆம் இலக்க பஸ் வெள்ளவத்தையைத் தொட்டுச் செல்லும். கோயிலும் தமிழ் உணவுக் கடைகளும் அங்கே அருகிலுள்ளன. பதிவு செய்யுமுன் தொலைபேசியில் ஐந்து வினாக்கள் கேட்டோம். குடும்பங்கள் தங்கும் இடமா? பெண்களுக்கு அடுத்தடுத்த அறைகள் கிடைக்குமா? இரவில் வாயிற்கதவு எத்தனை மணிக்கு மூடப்படும்? அதிகாலையில் வெந்நீரும் தேநீரும் உண்டா? பதிவேட்டுக்கு எந்தெந்தப் பத்திரங்கள் தேவை? பெரியவர்களுக்குத் தேசிய அடையாள அட்டை. அட்டை பெறாத மாணவருக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி. விடுதியின் முகவரியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய சிறு அட்டை ஒன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருந்தது. வழிதவறினால், முச்சக்கர வண்டிக்காரரிடம் அதனை நீட்டினாற் போதும்.

நான்காவது, உடல்நலம். அனுபவம் மிக்க ரசிகர்களிடையே ஐந்து, இரண்டு, ஒன்று என ஒரு விதி வழங்குகிறது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமேனும் உறக்கம், இரு வேளையேனும் நல்ல உணவு, ஒரு முறையேனும் நீராடல் என்பது அதன் பொருள். இளைஞர்கள் சிரிப்பர், ஆயினும் உற்சாகத்தில் முதலில் மறக்கப்படுவன இம்மூன்றுமே. ஊசி, நூல், ஊக்கு, பசை, ஒட்டுநாடா, தண்ணீர்ப் போத்தல் ஆகியன ஒரு பையில் இருந்தன. வேடமணிந்தவரைப் படமெடுக்குமுன் அனுமதி கேட்க வேண்டும். வேடமணிந்தவர் விரும்பாவிடில் மறுக்கலாம். இதனை நால்வருக்கும் எம் மனைவியார் பன்முறை எடுத்துரைத்தார்.

பயணமும் இரவும்

வெள்ளிக்கிழமை முற்பகலில் யாழ்தேவி வவுனியாவுக்கு வந்தது. 1956 இல் ஓடத் தொடங்கிய அவ்வண்டி 1990 இல் யாழ்ப்பாணத்துக்குச் செல்வது நின்று, 2014 அக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் சென்றது. இடைப்பட்ட காலத்தில் வவுனியாவே வடபாதையின் எல்லையாயிருந்த நாள்களை எம் தலைமுறை அறியும். மாணவருக்கோ அது வெறும் வண்டி. அவ்வாறே இருக்கட்டும்!

மதவாச்சியும் அநுராதபுரமும் கடந்தன. ஆகஸ்ட் மாதத்து வரண்ட நிலமும் வற்றிய குளங்களும் மாகோ சந்திவரை உடன்வந்தன. இடியப்பமும் சம்பலும் கட்டிய பொதிகளை அங்கே அவிழ்த்தோம். குருநாகலுக்கு அப்பால் தென்னந்தோட்டங்களின் பசுமை கண்ணுக்குக் குளிர்ச்சியாயிற்று. எதிரே இருந்த சிங்கள மூதாட்டி ஒருவர் பிளாஸ்ரிக் பையிலிருந்த வாளைக் கண்டு சைகையால் வினவினார். மாணவி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் “நாடகத்துக்கு” என்று சொல்ல, அவர் சிரித்துத் தம் கையிலிருந்த தோடம்பழம் ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். தந்தையார் அதனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாலையில் வெள்ளவத்தை விடுதியை அடைந்தோம். பதிவேடு நீட்டப்பட்டது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், வந்த காரணம். தந்தையாரின் முறை வந்தபோது பேனா சற்றே தயங்கியது. முகவரி என்ற இடத்தில் ‘நெளுக்குளம், வவுனியா’ என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று எம்மை நோக்கினார். “விழா” என்றோம். அவ்வாறே எழுதினார்.

அவரும் நாமும் ஒரே அறையில் படுத்தோம். காற்சட்டையும் சேர்ட்டும் கழற்றாமலே அவர் படுத்தார். பை தலைமாட்டில் இருந்தது. இரவு எம் உறக்கம் கலைந்தபோதெல்லாம் அவர் கட்டிலில் எழுந்தமர்ந்திருப்பதைக் கண்டோம். கடற்கரைப் பாதையிற் செல்லும் புகையிரதத்தின் ஓசையும், அது ஓய்ந்தபின் அலையின் ஓசையும் கேட்டன. விடியுமுன் கதவு தட்டப்பட்டது. அவர் துள்ளி எழுந்து நின்றார்.

“சேர், தேநீர்” என்றது வெளியே ஒரு குரல்.

கதவைத் திறந்து இரு கோப்பைகளையும் வாங்கியவர் அவரே. ஒன்றும் பேசாமல் ஒன்றை எம்மிடம் தந்துவிட்டு, சன்னலோரம் நின்று மற்றதைக் குடித்தார். இரண்டாம் நாள் இரவு அவர் சாரம் உடுத்துப் படுத்தார்; எமக்கு முன்னே உறங்கியும் விட்டார்.

மண்டபத்தைப் பற்றி விரிக்க இங்கே இடமில்லை. சித்திரக்காரர்களின் மேசைகள், நூற்குவியல்கள், பல மொழி பேசும் இளைஞர் கூட்டம், கடதாசியாலும் அட்டையாலும் ஆகிய கவசங்கள் என எங்கும் வண்ணமயம். வாயிலில் இளைஞர் ஒருவர் வாளைத் தட்டிப் பார்த்து, கூரின் பக்கத்தைக் கண்டதும் “கென்ஷின்!” என்று மகிழ்ச்சியோடு கூவினார். நெளுக்குளத்து வேட்டியையும் பழஞ்சேலையையும் அணிந்த பிள்ளையைக் கொழும்பில் ஒருவர் பெயர் சொல்லி அழைத்த முதற்கணம் அது. அப்பெயர் அவளுடையதன்றுதான், எனினும் அவள் முகத்தில் எழுந்த ஒளி அவளுடையதே.

ஞாயிறு இரவு புறக்கோட்டையில் பஸ் ஏறி, விடியுமுன் வவுனியாவில் இறங்கினோம். மாணவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கியபடி வந்தனர். ஆறாவது உறை பிரிக்கப்படாமலே திரும்பிற்று. முன்பு அதே தந்தையார் பஸ்ஸிலிருந்து இறங்கிய நகரம் அதுவே. இம்முறை அவர் மகளின் பையையும் வாளையும் தாமே சுமந்துகொண்டு இறங்கினார்.

இத்தகைய பிரயாணத்துக்குப் பிள்ளைகள் அனுமதி கேட்டால், பெற்றோர் ‘எங்கே தங்குவது?’ என்று கேட்பது இயல்பே. அவ்வினாவைக் கேலி செய்யாமல், அதன் பின்னே இருப்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். அதன்பின் அட்டவணையும் ஆசனப் பதிவும் தாமே நடக்கும். சென்ற கிழமை அக்கடைப் பக்கம் சென்றோம். சுவரில் ஆணியடித்து அவ்வாள் தொங்கவிடப்பட்டிருக்கிறது. எம்மைக் கண்டதும், “அடுத்த முறை எப்போது, சேர்?” என்றார் அவர்.